பிறையனுக்குப் பிட்டு

கட்டில் ஆறடி. வந்து நின்ற ஆள் ஆறடி ஐந்து அங்குலம்.

"மிச்சத்தை எங்கை வைக்கிறது?" என்று கேட்டாள் ராசமலர். அளந்த நாடா இன்னும் அவள் கையில் தொங்கியது.

சிவானந்தன் கட்டிலைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான். ஆள் பெரிய தோல் பை ஒன்றோடு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பெயர் பிறையன். இங்கிலாந்தில் ஏதோ நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. கழுத்து என்று தனியாக ஒன்று அவனுக்கு இல்லை. தோள் முடிந்த இடத்தில் தலை தொடங்கியது.

"காலடியில கதிரை ஒண்டு போடுவம்," என்றான் சிவானந்தன்.

போட்டார்கள். பிறையன் கவனமாக இருந்து, கவனமாகச் சாய்ந்து, கால்களைக் கதிரையில் நீட்டினான். கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு தலைமாட்டுக் கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே மடிந்தன. தலை கீழும் கால் மேலுமாகக் கிடந்தபடியே பிறையன் "லவ்லி" என்றான். அவனுக்கு எல்லாமே லவ்லி என்பது பிறகுதான் தெரிய வந்தது.

கடைசியில் மெத்தையை நிலத்தில் போட்டார்கள். ஒரு பக்கமாகப் போட்டால் தலை சுவரில் முட்டியது, மற்றப் பக்கமாகப் போட்டால் கால் குசினிக்குள் போனது. குசினிக்குள்ளேயே போகட்டும் என்று விட்டார்கள். அவன் இருந்த நாளெல்லாம், காலையில் தேத்தண்ணி வைக்கப் போன ராசமலர் இரண்டு பெரிய பாதங்களைக் கடந்துதான் அடுப்படிக்குப் போனாள்.

இதெல்லாம் சிவானந்தன் சொன்ன ஒரு 'யா'வால் வந்தது.

குடியிருப்பு டென்மார்க்கில், புரொண்பியில், மூன்றாம் மாடி. வேலை பக்கத்து ஹ்விடோவ்ரேயில் ஒரு விளையாட்டு மண்டபத்தில், துப்புரவு. மூன்று மாதம் பார்த்துவிட்டு, நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். அந்த மூன்று மாதம் வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமானால் உதவிக் காசு கேட்டு கொம்யூன் என்கிற உள்ளூராட்சி அலுவலகத்தில் போய் இருக்கத் தேவையில்லை. அங்கே கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ராசமலருக்கு வாய் கசந்துபோயிருந்தது. முடிவெடுக்கிற ஆள் மண்டபப் பொறுப்பாளர் குனுட்சன்.

குனுட்சன் நெட்டையான, ஒல்லியான மனிதர். முகம் மினுக்கி மடித்து வைத்த சட்டை மாதிரி இருக்கும். சந்தோஷமோ கோபமோ அதில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கிச் சிவானந்தன் கண்டதில்லை. போன கிழமை அவர் அவனை நிறுத்தி ஐந்து நிமிடம் கதைத்தார். சிவானந்தன் டெனிஷ் படிக்கத் தொடங்கி ஏழு மாதம். அந்த ஐந்து நிமிடத்தில் அவனுக்குப் பிடிபட்டது 'நாலு நாடு', 'றக்பி', 'கட்டில்' என்ற மூன்று விஷயம்தான். விளங்காத எல்லாவற்றுக்கும் வழக்கமாகச் சொல்கிற பதிலை, டெனிஷில் 'ஓம்' என்கிற சொல்லை, சொன்னான்.

"யா."

டென்மார்க், இங்கிலாந்து, பிரான்ஸ், ஒல்லாந்து என்று நாலு நாட்டு அணிகள் விளையாடும் சின்ன றக்பி லீக் போட்டி ஒன்று சனியும் ஞாயிறும் நடக்கப் போகிறது. வெளியூர் ஆட்டக்காரர் தங்க இருந்த பள்ளிக்கூடத்தில் திடீரென்று பெயின்ற் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே மண்டபத்தில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த 'யா'வின் பொருள் இவ்வளவு என்பது, அறிவித்தல் பலகையில் தன் பெயருக்கு எதிரே 'பிறையன்' என்று எழுதியிருந்ததைக் கண்ட பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

வியாழன் காலை, வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு போன ஒரு வசனத்தை அவன் குனுட்சனிடம் ஒப்புவித்தான். வருகிறவருக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும்?

குனுட்சன் கை நிறையக் கடதாசிகளோடு ஓடிக்கொண்டிருந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"நல்லாச் சாப்பாடு குடும்," என்றார். இரண்டடி போய்த் திரும்பினார். "ஞாயிற்றுக்கிழமை ஆளால ஓட ஏலாத அளவுக்குக் குடும்."

முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. போய்விட்டார். சிவானந்தனுக்கு இந்த முறை ஒரு சொல் தவறாமல் விளங்கியது. போன கிழமை வகுப்பில் படித்ததே சாப்பிடுவதும் ஓடுவதும்தான்.

வீட்டுக்கு வந்து ராசமலரிடம் சொன்னான்.

"இஞ்சாருங்கோ, அப்பிடியும் ஒரு மனுசன் சொல்லுவாரோ?"

"ஏன் சொல்லக் கூடாது? வந்திருக்கிறவன் இங்கிலாந்துக்காரன். குனுட்சன் டென்மார்க். தன்ர நாடு வெல்ல வேணும் எண்டு மனுசனுக்கு இருக்காதோ? எனக்கு இது பரீட்சை, ராசம். திங்கக்கிழமை முடிவு."

ராசமலர் யோசித்தாள். "நஞ்சு கிஞ்சு வைக்கச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லையப்பா. சாப்பாடு மட்டும்தான்."

"அப்ப சரி. சாப்பாடு குடுக்கிறதில ஒரு பாவமும் இல்லை."

அன்று பின்னேரம் பிட்டு. ஐந்து பேருக்குக் காணும் என்று கணக்குப் பார்த்து அவித்தாள். ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய். பிறையன் முதலில் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டான். பிட்டு முள்ளுக்குள்ளால் உதிர்ந்து கொட்டியது. சிவானந்தனைப் பார்த்துக் கையால் தொடங்கினான். அதற்குப் பிறகு அவன் தலை நிமிரவில்லை. கறிச்சட்டியின் அடியைப் பிட்டால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, கண்ணீரும் மூக்கும் ஒழுக, "லவ்லி" என்றான்.

"ஐஞ்சு பேரின்ர சாப்பாடு," என்றாள் ராசமலர், பிட்டு அவித்த நீத்துப்பெட்டி வெறுமையாக இருக்க, அதைத் தட்டிக்கொண்டு. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

வெள்ளி காலை இடியப்பமும் சொதியும். கூடவே உழுந்து வடை. வடையைச் சிவானந்தன் எண்ணினான், இருபத்திமூன்று. பிறையன் எழும்பி, வயிற்றில் இரண்டு தரம் தட்டிவிட்டு, பயிற்சிக்குப் போனான். இனி அவன் மைதானத்தில் உருளத்தான் வேண்டும் என்று சிவானந்தன் நிம்மதியாக வேலைக்குப் போனான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது படியில் தடதடவென்று சத்தம். பிறையன் மூன்று மூன்று படியாகத் தாவி ஏறி வந்தான். வந்ததும் குசினிக்குள் எட்டிப் பார்த்தான்.

"சாப்பிடச் சாப்பிட ஆளுக்குச் சுறுசுறுப்பெல்லோ கூடுது," என்றான் சிவானந்தன்.

"நான் என்ன செய்ய? நல்ல சாப்பாடு அப்பிடித்தான்."

"அப்ப இன்னும் பாரமான சாப்பாடு குடுப்பம். நெய்ச்சோறு."

"அதுக்கு எங்கட சட்டி காணாது."

சட்டி மாக்கிரட் அக்காவிடம் இருந்தது. மாக்கிரட் அக்கா மன்னார்ப் பெண். இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவர்களுக்கு நாலு வருஷம் முந்தியே டென்மார்க் வந்து, வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். டெனிஷ் மொழியைப் பற்றியும் டெனிஷ்காரரைப் பற்றியும் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் அவளிடம்தான் போவார்கள். கோயில் பெருநாளுக்குச் சமைக்கிற பெரிய சட்டியை அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் தூக்கிக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் பிறையன். அவனுக்குப் பின்னால் அதே அளவில் இன்னும் நாலு பேர். எல்லாரும் இங்கிலிஷ் கதைத்தார்கள். எல்லாருக்கும் கழுத்து இல்லை. தன் தோழர்களுக்கும் இந்தச் சாப்பாட்டைக் காட்ட வேண்டும் என்று பிறையன் கையால் சொல்லிக் காட்டினான்.

சிவானந்தன் குசினிக்குள் ஓடினான். "ராசம், இங்கிலாந்து தானாவே வருது."

"எத்தினை பேர்?"

"ஐஞ்சு."

"அரிசி போடுங்கோ," என்றாள் ராசமலர்.

நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, முட்டைப் பொரியல், பருப்பு, அப்பளம், கடைசியில் சவ்வரிசிப் பாயாசம். ஐந்து பேரும் சுவரோடு சாய்ந்து வரிசையாக நிலத்தில் இருந்தார்கள். முதல் முறை பரிமாறினாள். இரண்டாம் முறை பரிமாறினாள். மூன்றாம் முறை அவர்களாகவே கோப்பையை நீட்டினார்கள். பாயாசம் முடிந்தபோது ஒருவனால் எழும்ப முடியவில்லை. மற்ற நாலு பேரும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். தூக்கிய களைப்பில் அவர்களும் திரும்ப இருந்துவிட்டார்கள். போகும்போது ஒவ்வொருவனும் ராசமலருக்குக் குனிந்து வணக்கம் வைத்தான். குனிந்தவன் நிமிர நேரம் எடுத்தது.

இதைவிட ஒரு மனிதன் தன் முதலாளிக்கு என்ன செய்ய முடியும் என்று நினைத்தபடி சிவானந்தன் படுத்தான்.

சனிக்கிழமை முதல் ஆட்டம், டென்மார்க்கும் ஒல்லாந்தும். சிவானந்தனுக்குக் குப்பை பொறுக்குகிற வேலை. நீளக் கோலும் பையுமாக மைதான ஓரத்தில் நின்றான். பார்க்க வந்தவர்கள் இருநூறு பேர் வரும். குனுட்சனின் மனைவி இங்கெர் ஒரு மேசையில் கோப்பியும் கேக்கும் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிவானந்தனைப் பிடிக்கும். அவன் விளங்குகிற மாதிரி மெல்லமாகக் கதைப்பாள்.

டென்மார்க் அணி சிவப்பும் வெள்ளையுமாக வெளியே வந்தது. முன்னால் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தவன் பிறையன். அவனுக்குப் பின்னால் நேற்று நெய்ச்சோறு சாப்பிட்ட நாலு பேரும்.

சிவானந்தனின் கையிலிருந்து கோல் விழுந்தது.

"பிறையன்... அவன் இங்கிலாந்துதானே?" என்று இங்கெரிடம் கேட்டான்.

"வசிக்கிறது இங்கிலாந்து," என்றாள் இங்கெர். "தாயின்ர தாய் ஹ்விடோவ்ரேயில பிறந்தவ. இந்த விளையாட்டில அது காணும். எங்கட அணியில ஐஞ்சு பேர் அப்பிடி. பிறையன்தான் கப்டன்."

மூன்று நாளாகச் சிவானந்தன் டென்மார்க்கின் கப்டனைச் சாப்பாட்டால் அடித்து வீழ்த்திக்கொண்டிருந்திருக்கிறான். அதுவும் காணாமல் மற்ற நாலு பேரையும் வீட்டுக்குள் வரவிட்டு வீழ்த்தியிருக்கிறான்.

ஆட்டம் தொடங்கியது. பப்பாப்பழம் மாதிரி ஒரு பந்து. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், மற்றப் பக்கம் பிடித்து விழுத்தும். ஆறு முறை விழுத்தினால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் இங்கெர் சொல்லிக் கொடுத்தாள். பிறையனைப் பொறுத்தவரை ஓடுகிற பேச்சே இருக்கவில்லை. பந்து கைக்கு வந்தால் அவன் நின்றான். ஒல்லாந்துக்காரர் மூன்று பேர் வந்து மோதி, மூன்று பேரும் விழுந்தார்கள். அவன் நின்றான். நெய்ச்சோறு நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் யாரோ முதுகில் பாய, அவன் மெல்ல மெல்லச் சரிந்து, பந்தோடு கோட்டுக்கு அப்பால் விழுந்தான். அதற்கு நாலு புள்ளி. எட்டுக்கு ஆறு, டென்மார்க் வென்றது.

அடுத்த ஆட்டத்தில் இங்கிலாந்து பிரான்சை வென்றது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும்.

குனுட்சன் நேரே சிவானந்தனிடம் வந்தார். அதே முகம்.

"சாப்பாடு குடுத்தனீரோ?"

"யா," என்றான் சிவானந்தன். இந்த முறை பொருள் தெரிந்துதான் சொன்னான்.

"காணாது," என்றார் குனுட்சன். "இன்னும் குடும்."

அங்கிருந்து அவன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாக்கிரட் அக்கா வீட்டுக்குப் போனான். ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நீர் அந்த மனுசன் சொன்னதை அப்பிடியே நம்பினனீரோ?"

"நம்பாமல், அக்கா? வடிவா விளங்கினது."

"சொல் விளங்கினது. பகிடி விளங்கேல்லை. இந்தச் சனம் பகிடி விடுறது செத்த வீட்டு முகத்தோடதான். எங்கட இல்லத்தில ஒரு கிழவர் இருக்கிறார். ஒருநாள் நான் சுடச்சுட சூப்பை அவரின்ர மடியில ஊத்திப்போட்டன். 'நன்றி, கொஞ்சம் குளிரா இருந்தது' எண்டார். ஆலங்கட்டி மழை பெய்தால் 'என்ன அருமையான நாள்' எண்டுவினம். தலைகீழாச் சொல்லுவினம். நாங்கள்தான் திருப்பி எடுக்க வேணும்."

"அப்ப ஓட ஏலாத அளவுக்குச் சாப்பாடு குடு எண்டது..."

"விருந்தாளியை வடிவாக் கவனி எண்ட அர்த்தம். அவ்வளவுதான்."

"இண்டைக்கு 'காணாது, இன்னும் குடும்' எண்டவர்."

மாக்கிரட் அக்கா பெருமூச்சு விட்டாள். "அது கோபம், தம்பி. 'நீ குடுத்தது காணும், இனி ஒண்டும் குடாதை' எண்டு சொல்லியிருக்கிறார்."

"திங்கக்கிழமை..." என்றான் சிவானந்தன்.

"திங்கள் வர முந்தி ஞாயிறு இருக்குது. ராசமலரைக் கசாயம் வைக்கச் சொல்லும். உள்ளுக்குப் போனதெல்லாம் வெளியில வரட்டும்."

ராசமலர் காரணம் கேட்டுவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையே அவனுக்குக் காணும். மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, சீரகம் எல்லாம் போட்டு, மாக்கிரட் அக்காவின் பெரிய சட்டியிலேயே கசாயம் வைத்தாள். கசாயம் மட்டும் காணாது என்று மாக்கிரட் அக்கா கொடுத்துவிட்ட, பேதிக்குக் குடிக்கிற நிலாவாரைச் சூரணமும் இரண்டு கரண்டி விழுந்தது. பின்னேரம் ஐந்து பேரும் நெய்ச்சோற்றை நினைத்துக்கொண்டு வந்து வரிசையாக இருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பை நீட்டப்பட்டது.

"மெடிசின்," என்றாள் ராசமலர். "வின்."

அவள் கொடுத்தால் அவர்கள் சட்டியையும் கடித்திருப்பார்கள். குடித்தார்கள். பிறையனால்கூட லவ்லி சொல்ல முடியவில்லை.

கால் மணி நேரத்தில் வேலை தொடங்கியது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கக்கூஸ். ஆட்கள் ஐந்து பேர். முதலாமவன் உள்ளே போய் வெளியே வரவில்லை. இரண்டாமவன் கதவைத் தட்டினான். மூன்றாமவன் படியிறங்கி ஓடினான். கீழ்வீட்டுக் கிழவி கதவைத் திறந்து, வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மலை மாதிரியான மனிதனைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் வழி விட்டாள். நாலாமவனும் பிறையனும் எங்கே போனார்கள் என்று சிவானந்தன் விசாரிக்கவில்லை.

ஞாயிறு காலை பிறையன் மெத்தையில் எழும்பி இருந்தான். முகம் கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. எழும்பி நிற்கச் சுவரைப் பிடித்தான். குசினி வாசலில் ஊன்றிய பாதங்கள் இரண்டும் நடுங்கியதை ராசமலர் கண்டாள்.

"இப்ப உண்மையாவே ஓட ஏலாமல் பண்ணிப்போட்டம்," என்றாள் அமைதியாக.

சிவானந்தன் கதிரையில் இருந்து தலையில் கை வைத்தான். ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. சாப்பாடு கொடுத்தால் பாரம், கொடுக்காவிட்டால் மயக்கம். கொடுப்பதையும் கொடுக்காததையும் தவிர மூன்றாவதாக ஒன்று உலகத்தில் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

ராசமலர் அறைக்குள் போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில், சின்ன ஓலைப் பெட்டியில் வைத்துக் கட்டிய ஒரு குட்டான் பனங்கட்டி இருந்தது. அவள் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்ததில் மிச்சம் அதுதான். நல்லநாள் பெருநாளுக்குக்கூட அவள் அதைத் தொடவில்லை.

"ராசம், அது..."

"அந்தப் பிள்ளையளைப் பாருங்கோ," என்றாள். "நாங்கள் செய்த வேலை இது. விளையாட்டில தோத்தாலும் பரவாயில்லை, ஆக்கள் விழக்கூடாது."

மற்ற நாலு பேரையும் கூப்பிட்டுவரச் சொன்னாள். மெல்லிய கஞ்சி, கொஞ்சமாகத் தேங்காய்ப்பால் விட்டு. பிறகு வேர்க்கொம்புத் தேத்தண்ணி. தேத்தண்ணிக்கு ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி. ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு துண்டு. புறப்படும்போது கடைசித் துண்டைப் பிறையனின் கையில் பொத்திக் கொடுத்தாள். அவன் முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. அவன் அதை மணந்து பார்த்தான். "லவ்லி," என்றான், மெதுவாக. அந்த முறை அவள் சிரித்துவிட்டாள்.

மைதானத்தில் குனுட்சன் காத்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கு என்ன மாதிரி?"

சிவானந்தன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். டெனிஷ்காரருக்கு டெனிஷ்காரர் மாதிரியே பதில் சொல்ல வேண்டும். முகத்தைச் செத்த வீட்டு முகமாக்கிக்கொண்டான்.

"எழும்பவே ஏலாது," என்றான். "ஐஞ்சு பேராலயும்."

குனுட்சன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று மாதத்தில் அதுதான் முதல் முறை. சிவானந்தனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஒரு மொழியின் பகிடி பிடிபட்டால் பிறகு அந்த மொழியே பிடிபட்ட மாதிரி என்று நினைத்தான்.

இறுதி ஆட்டத்தை அவன் குப்பைப் பையை மறந்துவிட்டுப் பார்த்தான். பிறையன் ஓடினான். அந்த உடம்புக்குள் அப்படி ஒரு ஓட்டம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நேற்று நின்ற மனிதனைப் பார்த்துத் திட்டம் போட்டு வந்திருந்த இங்கிலாந்துக்காரர், அவன் நிற்பான் என்று நினைத்து வந்து வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். கஞ்சி ஓடியது, பனங்கட்டி ஓடியது. முடிய இரண்டு நிமிடம் இருக்க, இங்கிலாந்து பன்னிரண்டு, டென்மார்க் பத்து. பிறையன் தன் பக்கத்துக் கோட்டுக்குக் கிட்ட பந்தை எடுத்தான். ஒருவனைத் தள்ளினான், இரண்டு பேரை விலத்தினான், மைதானத்தின் முழு நீளத்துக்கும் ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே மல்லாந்து படுத்தான்.

பதினாலு, பன்னிரண்டு. இருநூறு பேரும் இரண்டாயிரம் பேர் மாதிரிக் கத்தினார்கள். சிவானந்தன் பக்கத்தில் நின்ற தெரியாத ஒரு தாடிக்காரனைக் கட்டிப்பிடித்தான்.

குனுட்சன் மட்டும் புல்லில் இருந்துவிட்டார். தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சந்தோஷத்தில் மனுசனுக்குக் கால் ஆடிப்போச்சு என்று சிவானந்தன் நினைத்தான்.

கிண்ணம் கொடுக்கும்போது இங்கிலாந்து அணியின் முகாமையாளர் ஒலிபெருக்கியில் பேசினார். இங்கெர் சிவானந்தனுக்காக அதை மெல்லமாகச் சொன்னாள். போன வருஷம் பிரான்சில் மழையால் இறுதி ஆட்டம் நடக்காமல், காசு சுண்டிப் பார்த்து டென்மார்க் வென்றதாம். வென்ற நாடுதான் அடுத்த போட்டியை நடத்த வேண்டும் என்பது வழக்கமாம். ஆகவே அடுத்த வருஷமும் எல்லாரும் இங்கேயே, இதே குனுட்சனின் கவனிப்பில் சந்திப்போம் என்றாராம். எல்லாரும் கைதட்டினார்கள்.

குனுட்சன் எழும்பிச் சிவானந்தனிடம் வந்தார். காற்சட்டையில் புல் ஒட்டியிருந்தது. முகம் அதே முகம்.

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு என்ர கந்தோருக்கு வாரும். நிரந்தரமாக்கிறன்," என்றார். "அடுத்த வருசம் இந்தப் போட்டியை நீர்தான் நடத்தப் போறீர். கட்டில், சாப்பாடு, கோடு போடுறது, எல்லாம் நீர். டென்மார்க் அணி பதின்மூண்டு பேரும் உம்மட வீட்டிலதான்."

சொல்லிவிட்டு நடந்தார்.

சிவானந்தன் வாய்விட்டுச் சிரித்தான். இப்போது அவனுக்கு யாரும் திருப்பி எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இங்கெரிடம் திரும்பினான்.

"உங்கட மனுசன் நல்லாப் பகிடி விடுறார்."

இங்கெர் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நான் அவரைக் கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம், சிவானந்தன். அவர் ஒருக்கால்கூடப் பகிடி விட்டதில்லை."